வாசனை இல்லாத சோப்பு

எதை வாங்கினாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பது என் வழக்கம். பிஸ்கட், பற்பசை, கொசுவத்தி எதுவானாலும் சரி, முன்பக்கத்துப் படத்தை நான் நம்புவதில்லை. பொய்யைப் பெரிய எழுத்தில் முன்னால் போடுவார்கள், உண்மையைப் பொடி எழுத்தில் பின்னால் போடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் குளியல் சோப்பும் உடம்புக்குப் போடும் ஜெல்லும் செய்து கொடுப்போம். வேறு கம்பெனிகள் தங்கள் பெயரை அச்சடித்து விற்றுக்கொள்ளும். நான் லேப்பில் இருக்கிறேன். ஒரே தொட்டியில் கலக்கியது நாலு நிறத்தில், நாலு பெயரில் வெளியே போவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு விளம்பரத்தின் மேல் எங்கிருந்து மரியாதை வரும்?

ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட யாராவது சோப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆரம்பித்துவிடுவேன். இப்போது யாராவது கேட்டால் தெரியாது என்கிறேன். என் மனைவி தன் கடைசி வருஷத்தில் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு குளியல், அவளுடைய பழைய சோப்பைப் போட்டு. நான் கூடாது என்றேன். எல்லாம் படித்தவன் என்ற திமிரில் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் இருந்தாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான். நான் பூந்தமல்லிக்காரன், அவள் திருநெல்வேலிப் பக்கம். இருபத்திரண்டு வருஷம் ஆவடித் தண்ணீரைக் குடித்தும் அவள் பேச்சில் ஊர் போகவில்லை. கல்யாணமாகி வந்தபோது அவளுடன் ஒரு பீரோவும், ஒரு பைபிளும், ஒரு டஜன் மரிக்கொழுந்து சோப்பும் வந்தன. பச்சை நிறம், தடித்த கட்டி, அட்டையில் ஒரு கொத்து மரிக்கொழுந்தின் படம். அந்தப் பக்கத்துக் கம்பெனி ஏதோ செய்தது. பிற்பாடு ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடையில் கிடைக்க ஆரம்பித்ததும் ஊரிலிருந்து வரவழைப்பதை நிறுத்தினாள்.

குளிப்பதற்கு ஒன்று குளியலறையில் இருந்தால், பிரிக்காத கட்டி ஒன்று பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கும். நம் வீடுகளில் பாதிப் பேர் இப்படிச் செய்கிறவர்கள்தான். அவள் இதில் கொஞ்சம் கூடுதல். அட்டையின் மூலையில் ஊக்கால் நாலு குத்து குத்தி, கல்யாணப் புடவைக்கு அடியில் வைப்பாள். குளியலறையில் கட்டி தேய்ந்து தீர்ந்ததும் பீரோவில் இருப்பது குளியலறைக்குப் போகும், புதிதாக வாங்கியது பீரோவுக்கு வரும். பீரோவைத் திறந்தால் அந்த மணம் கூடம்வரை வரும்.

“மரிக்கொழுந்துன்னு படம்தான் போட்டிருக்கான். உள்ளே ஒரு இலைகூட இருக்காது. எல்லாம் கெமிக்கல்” என்பேன்.

“படமாவது போட்டிருக்கான்லா? ஒங்க கம்பெனி சோப்புல அதுவும் கிடையாதே” என்பாள்.

கல்லூரிக்குப் போகும் எங்கள் மகள் இதைக் கேட்டுச் சிரிப்பாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். அம்மாவும் மகளும் ஒரே சோப்பு, நான் மட்டும் லேப்பில் மிஞ்சியதை எடுத்துவந்து குளிப்பேன். அவரவர் சோப்பு அவரவர்க்கு என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, அதற்கப்புறம் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு அங்கே காத்திருக்கும் எல்லாருமே கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். “உங்களுக்கு எத்தனை கரண்ட்?” என்றுதான் ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சொல்வதில் பாதி புரியாது, புரிந்த பாதி பயமாக இருக்கும். உப்புக்குச் சப்பாணியாக அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

முதல் நாள் கரண்ட் பிரிவில் இருந்த நர்ஸ் சொன்னார்: “சோப்பு போட்டா வாசனை இல்லாததா போடுங்க. தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும். தேய்க்காதீங்க, டவலால ஒத்தி எடுங்க.”

அந்த நர்ஸை நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் பேசியிருக்கிறார். சோப்பு! அன்று சாயங்காலமே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சோப்பு அலமாரிக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றிருப்பேன். கடைப் பெண் இரண்டு முறை வந்து, “சார், எதுனா தேடறீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

நாலைந்தை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாளும் லேப்பிலிருந்து கொண்டுவந்திருந்தேன். மனைவி ஒரு நாற்காலியில், மகள் ஒரு நாற்காலியில். இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாவது, உசத்தி சோப்பு. கொழுப்புப் பொருள் எண்பது சதம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எழுபத்தாறு இருந்தாலே முதல் தரம்தான். ஆனால் எவ்வளவு உசத்தியானாலும் சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து பிறந்தது. நனைத்துத் தாளில் வைத்ததும் நீலமாகிவிட்டது. நம் தோலோ லேசான புளிப்புப் பக்கம். நல்ல தோல் அதைச் சமாளித்துக்கொள்ளும், வெந்த தோல் சமாளிக்காது என்றேன். இரண்டாவது, குழந்தை சோப்பு. முன்னால் பொக்கை வாய்ப் படம், பின்னால் கடைசி வரியில் வாசனை. மூன்றாவது, கண்ணாடி மாதிரி தெரியும் கிளிசரின் சோப்பு. அந்தத் தெளிவுக்காகச் சர்க்கரையும் சாராயமும் சேர்ப்பார்கள், பார்க்கத்தான் அழகு. நான்காவது, ஒரு ஜெல். ‘மணமற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். திருப்பினால் அதிலும் வாசனைப் பொருள் இருந்தது.

“மணம் இல்லன்னு போட்டுட்டு மணம் எதுக்குப்பா போடறான்?” என்றாள் மகள்.

“மூலப்பொருளோட நாத்தத்த மறைக்க ஒரு மணம் போடுவான். அப்ப ரெண்டும் தெரியாது. வாசனைங்கற ஒரே சொல்லுக்குள்ள எத்தனை சாமான் இருக்குன்னு அவன் வெளியே சொல்ல வேண்டியதே இல்ல” என்றேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பாடத்தில் ஒன்றும் சிரத்தை இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் உற்சாகமாகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

கடைசியாக, மருந்துக் கடையில் கிடைத்த ஒரு வெள்ளைக் கட்டி. உண்மையில் அது சோப்பே அல்ல. தேங்காய் எண்ணெயிலிருந்து வேறு வழியில் எடுத்த மென்மையான நுரைப் பொருள். தாள் நீலமாகவில்லை. வாசனை கிடையாது, சாயம் கிடையாது. இதுதான் என்று மேசையைத் தட்டினேன்.

மறுநாள் அதைப் போட்டுக் குளித்துவிட்டு வந்தவள், “என்னங்க இது, மாவு பிசைஞ்ச கையக் கழுவுன மாதில்லா இருக்கு” என்றாள்.

அன்றைக்கே குளியலறையில் இருந்த மரிக்கொழுந்து சோப்பையும், பீரோவில் இருந்ததையும், வாங்கி வைத்திருந்த மற்ற இரண்டையும் எடுத்தேன். நாலு கட்டி. எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவள் என் மனைவியோடு அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள், என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணே என்பாள்.

“இன்னா அண்ணே, அக்கா சோப்பெல்லாம் தூக்கினு வந்து குடுக்கறே? அதுக்குத் தெரியுமா?” என்றாள்.

“அவளுக்கு இனிமேல் இது ஆகாது” என்றேன்.

கரண்ட் வைத்த கடைசி இரண்டு வாரம் அவளுக்கு அக்குளுக்குக் கீழே தோல் கறுத்து உரிந்தது. கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். முழங்கையை விட்டுச் சூடு பார்த்துத் தண்ணீரை விளாவுவேன். வெள்ளைக் கட்டியை என் உள்ளங்கையில் நுரைத்து, அந்த நுரையை மட்டும் அவள் தோலில் வைத்து எடுப்பேன். பழைய மெல்லிய வேட்டியால் ஒத்தி எடுப்பேன். எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். எரிந்தாலும் இல்லை என்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்தது கிடையாது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது, கொஞ்சம் பெருமையும் வருகிறது. அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

புண் நன்றாக ஆறியது. இரண்டு மாதம் கழித்துச் செக்கப்புக்குப் போனபோது அவள் எடை பார்க்கும் வரிசையில் நின்றிருந்தாள். அதே நர்ஸ் என்னிடம், “தோல் சூப்பரா ஆறிடுச்சு சார். நல்லா பார்த்திருக்கீங்க. இனிமே அவங்க பழையபடி எந்த சோப்பு வேணாலும் போடலாம்” என்றார்.

நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். மறந்துபோனது என்று முதலில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. பயம். எதையாவது மாற்றினால் எல்லாம் திரும்ப ஆரம்பித்துவிடுமோ என்று பயம். டாக்டர்கள் செய்ததெல்லாம் எனக்குப் புரியாத வேலை. அவள் பிழைத்ததில் என் பங்கு என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வெள்ளைக் கட்டிதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் அடுக்களையில் முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டாள். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

“என்னங்க, ஒண்ணு கேப்பேன், வையக் கூடாது.”

“சொல்லு.”

“கிறிஸ்மஸ் அன்னிக்கு மட்டும் எஞ் சோப்பப் போட்டுக் குளிச்சுக்கிடட்டா? ஒரே ஒரு வாட்டி. குளிச்சிட்டு வந்தாக் குளிச்ச மாதியே இல்ல. எம் மேல ஆஸ்பத்திரி மணந்தான் வருது.”

“அந்தக் கட்டியில வாசனைதான் முக்கால்வாசி. உன் தோல் என்ன பாடு பட்டுச்சுன்னு மறந்துபோச்சா?” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாசனைப் பொருள் தோலுக்குள் எப்படிப் போகும், ஒவ்வாமை எப்படி வரும் என்று கால் மணி நேரம் பேசினேன். அவள் முறுக்கைத் திருப்பிப் போட்டாள்.

“சரிங்க. நீங்க எனக்காவத்தான சொல்லுதிய” என்றாள்.

கிறிஸ்மஸ் அன்று வெள்ளைக் கட்டியில் குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வந்தாள். எல்லாரும் அவள் தேறிவிட்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரியில் இருமல் வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்களில் சர்ச்சுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாகச் சேர்ந்து குளிப்பாட்டி உடுத்துவார்கள். எதிர் வீட்டுப் பெண் முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டி, “அண்ணே, சோப்பு எடுத்துக் குடு” என்றாள்.

நான் குளியலறைக்குப் போய், பாதி தேய்ந்திருந்த வெள்ளைக் கட்டியை எடுத்து வந்தேன். எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. “தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும். இடது பக்கம் தேய்க்காதீங்க. டவலால ஒத்தி எடுங்க” என்றேன்.

அவள் கட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, “சரிண்ணே. நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீர் காயவைத்து, விளாவி, நான் சொன்னபடியே நுரையை மட்டும் வைத்து எடுத்தார்கள் என்று பின்னால் மகள் சொன்னாள். செத்துப்போனவளுக்குத் தோல் எரியாது என்று அந்தப் பெண்களில் ஒருத்திகூட என்னிடம் சொல்லவில்லை.

கல்யாணப் புடவையைக் கட்டிப் பெட்டியில் கிடத்தினார்கள். சபைப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல சென்ட் பாட்டிலைத் திறந்து தெளிக்க வந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். “வாசனை அவளுக்கு ஆகாது” என்றேன். அவர் பாட்டிலை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குப் போதகர் ஜெபம் முடித்தார். மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். முத்தம் கொடுக்கக் குனிந்தேன். மாலைகளின் மணத்தைத் தாண்டி, அவள் கழுத்தருகிலிருந்து மரிக்கொழுந்து மணம் வந்தது. சந்தேகமே இல்லை. சோப்புக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த மூக்கு.

எனக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. நிமிர்ந்து, அத்தனை பேருக்கு நடுவில் எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். “யாரைக் கேட்டு அந்த சோப்பைப் போட்டே?”

“நீ குட்த்த வெள்ள சோப்புதான் அண்ணே போட்டோம். எம் புள்ள மேல சத்தியமா.”

“பொய் சொல்லாதே! உன் வீட்லதான் நாலு கட்டி இருக்கே! அவ உயிரோட இருக்கறவரைக்கும் நான் கண்ணுல காட்டல. செத்தப்புறம் போட்டுட்டியே!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். மகள் என் கையைப் பிடித்து, “அப்பா, விடுங்கப்பா. அம்மாவப் பாருங்கப்பா” என்றாள். அதற்குள் பெட்டியை மூடத் தொடங்கிவிட்டார்கள். என் மனைவியைக் கடைசியாகப் பார்க்க வேண்டிய நேரத்தை நான் சண்டையில் கழித்தேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நூம்பலில் ஒரு வீடு பார்த்தோம், மகளுக்கு வேலப்பன்சாவடியில் கல்லூரி, நடந்தே போய்விடலாம். சாமான்களைக் கட்டிய அன்றுதான் அவள் பீரோவைத் திறந்தேன். அதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. திறந்ததும் பழைய மணம் முகத்தில் வந்து மோதியது. கல்யாணப் புடவை இருந்த இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில், அடியில், ஒரு மரிக்கொழுந்து சோப்பு. பிரிக்காத கட்டி. அட்டையின் மூலையில் ஊக்கால் நாலு குத்து.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். புடவையின் மணம் அது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

பழக்க தோஷத்தில் கட்டியைத் திருப்பினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஒரு சோப்பின் பின்பக்கத்தை நான் படித்ததே இல்லை. அவள் சோப்புதானே என்று அலட்சியம். முன்பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, முக்கால்வாசி வாசனை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கொழுப்புப் பொருள் எழுபத்தாறு சதம். பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய், தண்ணீர், கிளிசரின். அதற்குப் பிறகு, கடைசியில்தான் வாசனை, பச்சைச் சாயத்தின் எண். எங்கள் கம்பெனியில் முதல் தரம் என்று அனுப்புவதற்கு இது எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. ஆறிய தோலுக்கு ஒரே ஒரு குளியலில் இதனால் என்ன வந்திருக்கும்? லேப்பில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஒன்றும் வராது என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

அதற்கும் கீழே தயாரித்த மாதம். நான் எடுத்துக் கொடுத்த நாலில் ஒன்றாக இருக்க முடியாது. நர்ஸ் சொன்னதை நான் விழுங்கினேனே, அதற்கு அடுத்த மாதம்.

கட்டியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். பெட்டியை மூடிய நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கதவைத் திறந்தவள் என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றேன்.

“அத்த உடு அண்ணே. நீ இருந்த நெலமைல இன்னா பேசனேன்னு உனுக்கே தெரிஞ்சிருக்காது” என்றாள். “நாந்தான் அத்த வாங்கியாந்து குட்த்தேன். நீ குட்த்தியே நாலு கட்டி, அதுல ஒண்ண ஒரு நாளு போட்டுக் குளிச்சிட்டு உங்க ஊட்டுக்கு வந்தேன். அக்கா எங் கையப் புட்ச்சி மோந்து பாத்துகினே இருந்துச்சு, உடவே இல்ல. எனுக்கு மன்சு கேக்கல. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் மார்க்கெட்டுல போயி புச்சா ஒண்ணு வாங்கியாந்தேன்.”

“அப்ப ஏன் குளிக்கல? நான் வேலைக்குப் போன நேரத்துல குளிச்சிருக்கலாமே?”

“நானும் அத்தான் சொன்னேன். அவரு மூக்குக்குத் தப்ப முடியாதுடின்னு சிரிச்சிச்சு. அவரு வாயால சரின்னு சொல்லட்டும், அன்னிக்குப் பிரிச்சிக்கறேன்னு பீரோவுல வெச்சிகிச்சு. தெனமும் நீ வேலைக்குப் போனப்புறம் குளிச்சிட்டு வந்து பீரோவத் தொறந்து ஒருவாட்டி மோந்துக்கும். பூவோட சேந்த நாரும் மணக்கும்டி, பொடவையாவது மணக்கட்டும்னு சொல்லும்.”

நான் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நர்ஸ் சொன்னதை அவளிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

நூம்பல் வீட்டில் அந்தக் கட்டி மகளின் துணி அலமாரியில் இருந்தது. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, அவ்வளவுதான். அதன் மணம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தது. வாசனை எண்ணெய் ஆவியாகிற சமாசாரம், நிறுத்தி வைக்க வழி இல்லை. நான் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஊக்குக் குத்திய மூலையை மூக்கில் வைத்துப் பார்ப்பேன். பீரோ முன்னால் அவள் நின்றதும் இப்படித்தானே என்று தோன்றும்.

போன கிறிஸ்மஸ் அன்று விடியற்காலையில் மகள் தோளில் டவலோடு வந்து நின்றாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கவா? இன்னிக்கு மட்டும் அம்மா சோப்ப நான் போட்டுக்கட்டுமா?”

பிரித்தால் தீர்ந்துபோகும். மணம் இருக்கும்வரையாவது இருக்கட்டும் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. காரணம் சொல்வதா எனக்குக் கஷ்டம்? வரிசையாகச் சொல்வேன்.

“சரிம்மா” என்றேன்.

அவள் குளியலறைக்குள் போனாள். அட்டை கிழிகிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர்ச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாக மணம் வந்தது. கூடத்துக்கு வந்தது, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் நின்று, “அம்மா மணம் வருதாப்பா?” என்றாள்.

“வருதும்மா” என்றேன். சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அதற்கு முந்தின கிறிஸ்மஸுக்கு அவள் அம்மாவும் அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டாள்.